செயலியின் பெயரை மாற்றிய விதம்

கோபிசெட்டிபாளையத்தில் உறவினர்களுக்காக நான் எழுதிய 'தினக்குறிப்பு' என்ற ஆண்ட்ராய்டு செயலியில், நாளடைவில் மஞ்சள் ஏல விலை, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்த தேதி, ஆள் கூலி என எல்லாமே ஏறிவிட்டதால், அதற்குப் 'பண்ணையம்' என்று பெயரிட முடிவு செய்தேன்.

பிளே ஸ்டோர் தலைப்பை 30 எழுத்துகளுக்குள் எளிதாக மாற்றிவிடலாம். போனில் ஐகானுக்குக் கீழே தெரியும் பெயரோ செயலிக்குள்ளேயே இருப்பதால், அதைத் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு செயலியையும் தனித்து அடையாளம் காட்டும் உள்பெயரான அப்ளிகேஷன் ஐடியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அதை மாற்றினால் பிளே ஸ்டோர் வேறொரு செயலியாகவே கருதும், பழைய பயனர்களுக்கு அப்டேட் போகாது, அவர்கள் எழுதிய குறிப்புகளும் புதியதற்குத் தாமாக வந்து சேரா.

ஐகானையும் இப்போதைக்கு மாற்றவில்லை. எங்கள் பெரியப்பா பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் தொடுவார்.