மேக்கில் பிளகின் ஏறவில்லையா? கேட்கீப்பரை அணைக்கும் முன்

இசை மென்பொருளுக்குள் (அதுதான் 'ஹோஸ்ட்') ஏற்றும் துணை மென்பொருள்தான் பிளகின். ஒலிக்கு அறை முழக்கம் சேர்க்கும் ரிவர்ப் பிளகின் ஒன்றைப் புதிதாக இறக்கி, விஎஸ்டி3 (ஒரு பிளகின் வடிவம்) ஃபோல்டரில் போட்டு, புராஜெக்டைத் திறந்தால் 'டெவலப்பரைச் சரிபார்க்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். யாரைக் கேட்டாலும், "டெர்மினலில் கேட்கீப்பரை மொத்தமாக அணைத்துவிடு" என்பார்கள். கேட்கீப்பர் என்பது, இறக்கிய மென்பொருளைத் திறக்கும் முன் சோதிக்கும் மேக்கின் காவலன். தயவுசெய்து அதை அணைக்காதீர்கள். ஒரு பிளகினுக்காக, இனி இறக்கப்போகும் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவைக்கிறோம். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பூட்டுபவர்கள் குறைவு.

பிரவுசரில் இறக்கும் கோப்பின் மேல் மேக் 'குவாரண்டைன்' என்ற குறியை ஒட்டுகிறது. குறி உள்ள கோப்பில் தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் சரியா, தீங்கான நிரலைத் தேடும் ஆப்பிளின் நோட்டரைசேஷன் சோதனையில் தேறியதா என்று கேட்கீப்பர் பார்க்கும். 2019 ஜூனுக்குப் பிறகு உருவான மென்பொருளுக்கு, கேட்டலினாவிலிருந்து (மேக்ஓஎஸ் 10.15) அந்தச் சோதனை கட்டாயம். ஜிப்பைப் பிரித்துக் கையால் இழுத்துப் போட்டால் குறியும் கூடவே வரும். அதனால் தயாரித்தவரின் தளத்தில் இன்ஸ்டாலர் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். அப்புறமும் மறுத்தால், அதைத் தயாரித்தவரை நம்புகிறீர்கள் என்றால் மட்டும், சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கம் போய் 'ஓப்பன் எனிவே' கொடுங்கள். பெட்டி வந்து சுமார் ஒரு மணி நேரம்தான் அந்தப் பட்டன் இருக்கும். பலர் மறுநாள் தேடிவிட்டு, காணோம் என்கிறார்கள்.

இன்னொரு தவறு, பிளகினுக்குள் கைவைப்பது. பார்க்க ஒரே கோப்பு போலிருந்தாலும் அது ஒரு ஃபோல்டர். உள்ளே இருக்கும் படம், பிரீசெட் (சேமித்த ஒலி அமைப்பு) வரை கையொப்பத்தின் முத்திரைக்குள் அடங்கும். ஒரு பிரீசெட்டை மாற்றினாலே முத்திரை உடைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், உங்கள் மேக்கில் அது ஓடிக்கொண்டே இருக்கலாம். நண்பருக்கு அனுப்பி அவர் இறக்கும்போதுதான் 'சேதமடைந்துள்ளது' என்று வரும். கோட்சைன் கட்டளையால் சரிபார்த்தால் எந்தக் கோப்பு மாறியது என்பதையே காட்டிவிடும். எதையும் ஒட்டுப்போடாமல், புதிதாக இறக்கி நிறுவுவதே மருந்து.

சில நேரம் பிளகின் மேல் குற்றமே இருக்காது. ஒரு ஹோஸ்டில் மட்டும் வெளியார் பிளகின் எதுவுமே ஏறாமல், வேறொன்றில் எல்லாம் ஓடினால் ஹோஸ்டைச் சந்தேகியுங்கள். வெளியார் நிரலைத் தடுக்கும் 'லைப்ரரி வேலிடேஷன்' விதியிலிருந்து விலக்கு இல்லாமல் வெளியிடப்பட்ட ஹோஸ்ட், ஆப்பிளோ அதே டெவலப்பரோ கையொப்பமிட்டதை மட்டுமே உள்ளே விடும். அதை அந்த டெவலப்பர்தான் திருத்த முடியும். நீங்கள் பிளகினை நாலு முறை நிறுவிப் பயனில்லை.

இன்டெல் சிப்புக்கு மட்டும் செய்த பிளகினை, ஆப்பிளின் எம்1 சிப்பில் நேரடியாக ஓடும் (நேட்டிவ்) ஹோஸ்டில் ஏற்றப் பார்ப்பதும் உண்டு. அது கையொப்பச் சிக்கலே இல்லை. இன்டெல் மென்பொருளை எம்1-இல் ஓட்டும் ரொசெட்டாவில் ஹோஸ்டைத் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரிசெய்தும் பிளகின் தெரியவில்லையா? ஒருமுறை தோற்றதை ஹோஸ்ட் தன் பட்டியலில் குறித்து வைத்திருக்கும். ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கில் பிளகின் மேனேஜரைத் திறந்து, அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ரீசெட் அண்ட் ரீஸ்கேன்' கொடுங்கள்.