விஎம்முக்கு ஐபி வரவில்லையா? இந்த ஒழுங்கில் பாருங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு சிறு கணினிக் கூடம். பழைய சேர்வர் ஒன்றில், விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் போட்ட விஎம்முக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) வரவில்லை. அவசரப்பட்டுக் கையால் ஒரு ஐபியை எழுதிவிடாதீர்கள். ஐபிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபி அதே ஐபியை நாளை இன்னொரு விஎம்முக்குக் கொடுத்தால் இரண்டும் மோதும்.

படி 1: விஎம்மின் கன்சோலில் ஐபியைப் பாருங்கள். விண்டோஸில் 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை. அறிமுகமில்லாத வேறு வரிசையில் ஐபி வந்திருந்தால், யாரோ செருகிவிட்ட வைஃபை ரவுட்டரும் ஐபி கொடுக்கலாம். அப்படியானால் அதில் டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

படி 2: ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம்மின் நெட்வொர்க் டிவைஸில் பிரிட்ஜ் (விஎம்மை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) பெயர், விலேன் (நெட்வொர்க்கைப் பிரித்த பகுதி) எண் இரண்டையும், ஒழுங்காக ஐபி எடுக்கும் விஎம் ஒன்றோடு ஒப்பிடுங்கள். சுவிட்சில் சேர்வர் செருகிய போர்ட்டும் அந்த விலேனை அனுமதிக்க வேண்டும்.

படி 3: ப்ராக்ஸ்மாக்ஸ் சேர்வரில், நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, பிரிட்ஜில் டிஎச்சிபி பயன்படுத்தும் யுடிபி 67, 68 போர்ட்களைக் கவனித்தபடி விஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்கவர் (விஎம் ஐபி கேட்கும் செய்தி) தெரியவே இல்லையா? விஎம்முக்குள் அல்லது அதன் ஃபயர்வாலில் தேடுங்கள். டிஸ்கவர் போயும் ஆஃபர் (டிஎச்சிபியின் பதில்) வரவில்லையா? விலேனைத் திரும்பப் பாருங்கள், பிறகு டிஎச்சிபி சேர்வரின் ஐபி வரிசையை. 100 முதல் 199 வரை கொடுத்திருந்தால் மொத்தம் 100 ஐபிதான்; அழித்த விஎம்மின் ஐபியும் லீஸ் (ஐபியைக் கொடுத்திருக்கும் காலம்) முடியும்வரை திரும்பாது. மாணவர்கள் விஎம் போட்டுப் போட்டு அழிக்கும் கூடத்துக்கு 24 மணிநேர லீஸ் கூடுதல், 3600 செக்கன் போதும்.

படி 4: ஆளைக் குழப்புவது இதுதான். உபுண்டு டெம்பிளேட்டிலிருந்து (மாதிரியாக வைத்த விஎம்) குளோன் (நகல்) செய்த இரண்டு விஎம்முக்கும் ஒரே ஐபி வரும். மேக் முகவரியோ (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேறு வேறு. உபுண்டு சேர்வர் வழக்கமாகத் தன்னை அடையாளம் காட்டுவது மேக்கால் அல்ல, மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உண்டாக்கும் எண்ணால். குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடுகிறது. டெம்பிளேட்டை மூடுமுன் எட்சி (/etc) அடைவிலுள்ள அந்தக் கோப்பை 0 பைட்டாக வெறுமையாக்குங்கள். கோப்பையே நீக்க வேண்டாம். அடுத்த முறை பூட் ஆகும்போது புதிய எண் எழுதப்படும். ஏற்கனவே குளோன் செய்தாயிற்றென்றால், ஒரு விஎம்மில் மட்டும் இதையே செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் எல்லா விஎம்மும் ஐபி இல்லாமல் நிற்கிறதா? டிஎச்சிபியும் ஒரு விஎம்மாக ஓடினால், மற்றவை அதற்கு முன்பே எழும்பிவிடும். டிஎச்சிபி விஎம்மின் ஸ்டார்ட் ஒழுங்கை 1 ஆக்கி, 60 செக்கன் தாமதம் கொடுங்கள்.