ஜப்பான் வந்து இறங்கியாச்சா? இங்க இருக்கிற சௌகரியத்தையெல்லாம் முழுசா அனுபவிக்க சில வழிகள்

ஜப்பான்ல ரெண்டு மூணு வருஷம் இருந்த வெளிநாட்டுக்காரங்ககிட்ட இங்க என்ன புடிச்சிருக்குன்னு கேட்டுப் பாருங்க, ஃபுஜி மலை, சகுரா பூவெல்லாம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அப்புறம் பேச்சு முழுக்க தொலைஞ்ச பர்ஸ் திரும்ப வந்த கதை, ராத்திரி பதினோரு மணிக்கு கரண்ட் பில் கட்டின கதைன்னுதான் போகும். நான் டோக்கியோல நிஷிகசாய் பக்கம் இருக்கேன். இந்த வசதி எல்லாத்துலயும் நம்ம பங்குக்கு செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை ஒளிஞ்சிருக்கு, அது தெரியாம முதல் ஆறு மாசம் பாதி வசதியை நான் அனுபவிக்கவே இல்ல. அதான் எழுதறேன். (வீடு தேடின கதை மட்டும் கேக்காதீங்க, அது இந்த லிஸ்ட்ல வராது.)

முதல்ல தொலைஞ்ச பொருள். பர்ஸ் போச்சுன்னா போனது போனதுதான்னு உக்காந்துடறது நம்ம பழக்கம், இங்க அப்படி விடாதீங்க. ரயில்ல விட்டிருந்தா நேரா ஸ்டேஷன் ஆளுகிட்ட போய் 'வாசுரேமோனோ'ன்னு சொல்லுங்க, மறந்து வெச்ச பொருள்னு அர்த்தம். எத்தனை மணி ரயில், எத்தனாவது பெட்டின்னு கேப்பாங்க. பெட்டி நம்பர் பிளாட்ஃபாரம் தரையிலயே எழுதியிருக்கும், ஏறும்போது ஒரு பார்வை பாத்து வெச்சுக்குங்க. தெருவுல விழுந்திருந்தா கோபான், அதாவது அந்தந்த ஏரியால இருக்கிற குட்டி போலீஸ் பூத். அங்க ஒரு ஃபார்ம் எழுதிக் குடுத்தா ஒரு நம்பர் தருவாங்க, அதை போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

என் பர்ஸ் போனப்ப அந்த போலீஸ்காரர் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கே பரீட்சை மாதிரி இருந்துச்சு. 10,000 யென் நோட்டு எத்தனை, சில்லறை எவ்வளவு, ஜிப் எந்தப் பக்கம். ஜிப்புக்கு ஜப்பானிய வார்த்தை தெரியாம முழிச்சேன், பென்சிலைக் குடுத்து வரைஞ்சு காட்டச் சொன்னார், நான் வரைஞ்சது பர்ஸ் மாதிரி இல்ல, இட்லி மாதிரி இருந்துச்சு, மனுஷன் சிரிக்காம அதையும் ஃபார்மோட சேத்து வெச்சுக்கிட்டார். நாலு நாள் கழிச்சு போன் வந்துச்சு. நோட்டு, காசு எல்லாம் அப்படியே, நான் மடிச்சு வெச்சிருந்த ஒரு பழைய மருந்துக்கடை ரசீது கூட உள்ள இருந்துச்சு. போலீஸ் 3 மாசம் வரைக்கும் பொருளை வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள போய் வாங்கிடணும். எடுத்துக் குடுத்தவங்களுக்கு பொருளோட மதிப்புல 5 முதல் 20 சதவீதம் வரைக்கும் சன்மானம் கேக்க சட்டப்படி உரிமை இருக்கு, எனக்கு எடுத்துக் குடுத்தவர் ஒண்ணும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லக்கூட ஆள் கிடைக்கல.

அடுத்தது கொன்பினி, அதாவது தெருவுக்குத் தெரு இருக்கிற சின்ன பல்பொருள் கடை. செவன் இலெவன், ஃபேமிலி மார்ட், லாசன் எல்லாம் சேத்து நாடு முழுக்க 55,000க்கும் மேல கடை இருக்கு. ஜப்பானோட முதல் செவன் இலெவன் 1974ல தொறந்தது டோயோசுல, எங்க ஏரியாலேர்ந்து தூரமில்ல. இதை வெறும் பால், பிரெட் வாங்கற கடையா நினைச்சா நஷ்டம் உங்களுக்குத்தான். கரண்ட், கேஸ், தண்ணி பில் பார்கோடோட பேப்பர்ல வந்தா கவுண்டர்ல நீட்டுங்க, முடிஞ்சுது, ஆனா கையில ரொக்கம் வெச்சுக்குங்க, இதுக்கு கார்டு பெரும்பாலும் ஓடாது. காசை கையில குடுக்காம அங்க இருக்கிற சின்ன தட்டுல வைக்கணும். செவன் இலெவன் ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டும் வேலை செய்யும். 'ஃபுகுரோ'ன்னு ஏதோ கேட்டா பை வேணுமான்னு அர்த்தம், 2020 ஜூலைலேர்ந்து பிளாஸ்டிக் பைக்கு காசு. 'அத்தாத்தாமேமாஸ் கா'ன்னா சூடு பண்ணித் தரவான்னு கேக்கறாங்க. சைவக்காரங்க ஒனிகிரி, அதாவது சோத்து உருண்டை வாங்கும்போது உமேபோஷின்னு நம்பி எடுக்காதீங்க, ஊறுகா ப்ளம்தான்னாலும் சிலதுல மீன் சாறு சேத்திருப்பாங்க, கவரை போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிப் பாத்துட்டு சாப்பிடுங்க.

தக்கியூபின்னு ஒரு பார்சல் சர்வீஸ் இருக்கு, குட்டியை வாயில கவ்விக்கிட்டு போற கறுப்புப் பூனை படம் போட்ட வண்டி, யமதோ கம்பெனி 1976ல ஆரம்பிச்சது. பெரிய சூட்கேஸை ரயில்ல இழுத்துக்கிட்டு அலையாம முந்தின நாளே அனுப்பிடலாம். பார்சல் எப்ப வேணும்னு நேரமும் நாமதான் சொல்லணும், ராத்திரி 7லேர்ந்து 9 வரைன்னு கூட வாங்கலாம். சொன்ன நேரத்துல வீட்ல இருங்க, அந்த டிரைவர் அஞ்சு மாடி ஏறி வந்துட்டு சீட்டை சொருகிட்டு திரும்பிப் போறதைப் பாத்தா பாவமா இருக்கும்.

ரயில் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. முன்னாடியே காசு போட்டு வெச்சு கேட்ல தட்டிட்டுப் போற சுயிகா கார்டு வாங்குங்க, போனை சைலண்ட்ல போட்டு உள்ள பேசாம இருங்க, ரயில் லேட்டாயி ஆபீஸ்க்கு தாமதமானா ஸ்டேஷன்ல லேட் சர்டிஃபிகேட் தருவாங்க, வாங்கிக்குங்க. எஸ்கலேட்டர்ல டோக்கியோல இடது பக்கம், ஒசாகால வலது பக்கம் நிப்பாங்க, அவ்வளவுதான்.

குப்பைதான் பெரிய பாடம். தெருவெல்லாம் சுத்தமா இருக்குன்னு வியக்கறவங்க அடுத்த நிமிஷமே குப்பைத்தொட்டி எங்கன்னு தேடுவாங்க, இருக்காது. 1995 மார்ச்ல டோக்கியோ சப்வேல சாரின் தாக்குதல் நடந்ததுக்கப்புறம் பொது இடத்துல இருந்த தொட்டிய நிறைய எடுத்துட்டாங்க. அதனால பையில ஒரு காலி கவர் போட்டு வைங்க, குப்பைய வீட்டுக்கே எடுத்துட்டு வரணும். வீடு மாறி 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல முகவரி பதியப் போவீங்கல்ல, அப்பவே குப்பை காலண்டர் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுங்க, எந்தக் கிழமை எரியற குப்பை, எது மறுசுழற்சின்னு வார்டுக்கு வார்டு மாறும். பெட் பாட்டிலுக்கு மூடியக் கழட்டி, லேபிளைக் கிழிச்சு, ஒரு தடவை அலசி, நசுக்கிப் போடணும். காலைல 8 மணிக்குள்ள வைக்கணும், ராத்திரியே வெச்சா பக்கத்து வீட்டு பாட்டிக்குத் தெரிஞ்சிடும், அதுக்கு மேல காக்கா வேற கிழிச்சுடும், குப்பை மேல போடற வலையை நல்லா இழுத்து மூடுங்க. பழைய நாற்காலி மாதிரி பெரிய சாமானுக்கு முன்பதிவு பண்ணி கொன்பினில ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணும், டோக்கியோ 23 வார்டுல 200 யென், 300 யென்னு ரெண்டு வகை.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனக்கு ரொம்பப் புடிச்சது. சாயங்காலம் 7, 8 மணிக்கு மேல சூப்பர் மார்க்கெட்ல ரெடிமேட் சாப்பாட்டு பக்கம் போங்க. ஒரு ஊழியர் ஸ்டிக்கரோட வருவார், முதல்ல 20 சதவீதம், நேரம் ஆக ஆக 'ஹன்காக்கு', அதாவது பாதி விலை. சுத்தி நிக்கறவங்க யாரும் அவரைப் பாக்காத மாதிரி சோயா சாஸ் பாட்டிலைப் படிச்சுக்கிட்டு இருப்பாங்க, நீங்களும் ஒரு பாட்டிலைக் கையில எடுத்துக்குங்க. முன்னாடியே டெம்புராவ (நம்ம பஜ்ஜி மாதிரி) கூடையில போட்டு வெச்சுக்கிட்டு அவர் வந்ததும் இதுக்கும் ஒட்டுங்கன்னு மட்டும் நீட்டிடாதீங்க, நான் நீட்டினேன், அவர் ஒட்டிக் குடுத்தார், ஆனா அன்னிக்கு அந்த வரிசைல நின்ன ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல.