பழைய ஸ்காட்லாந்து பீர் லேபிளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

எடின்பரோவில் பழம்பொருள் சந்தைக்குப் போனால் பீர் லேபிள், பீர்மேட் (கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை), தகரத் தட்டு என்று ஒரு பெட்டியாவது கண்ணில் படும். எல்லாவற்றிலும் ஆலையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஆலைகள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே இருந்தன. ஆனால் குடிப்பவர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள், அதனால் கம்பெனி போன பிறகும் பெயர் லேபிளில் தங்கிவிட்டது. வயதைச் சொல்வது அடியில் இருக்கும் பொடி எழுத்துதான்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று. போன் கேமராவை நம்ப வேண்டாம், அது அச்சுப் புள்ளிகளை வழித்துக் காட்டிவிடும். அப்புறம் ஒரு யூவி (புற ஊதா) டார்ச். 365 நானோமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைவான 395 டார்ச்சின் ஊதா வெளிச்சமே காகிதத்தில் படிந்து குழப்பும்.

படி 1: எந்த யங்கர்?

நான் சறுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் யங்கர் என்ற பெயரில் மூன்று தனித்தனி ஆலைகள் இருந்தன. வில்லியம் யங்கர், எடின்பரோ ஹோலிரூட் பக்கம். இன்றைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிற்பது அவர்களுடைய பழைய ஆலை நிலத்தில்தான். ராபர்ட் யங்கர், அதே எடின்பரோவில் செயின்ட் ஆன்ஸ் ஆலை. ஜார்ஜ் யங்கர், அங்கிருந்து வடமேற்கே அலோவா ஊரில்.

நான் வாங்கிய தட்டில் நடுவில் 'யங்கர்ஸ்' என்று மட்டும் தெரிந்தது. விற்றவர் வில்லியம் யங்கர் என்றார், நானும் நம்பி அதற்கேற்ற விலை கொடுத்தேன். வீட்டில் லூப் வைத்து விளிம்பைச் சுற்றி மெதுவாகப் பார்த்தபோது, துருவுக்கு அடியில் மங்கலாகச் சில எழுத்துகள். முதல் இரண்டும் போயிருந்தன, மிச்சம் 'ஓவா' என்று முடிந்தது. ஜார்ஜ் யங்கரின் தட்டு! அது தாழ்ந்த பொருள் அல்ல, எனக்கு இப்போது பிடித்ததே அதுதான். ஆனால் அதன் வரலாறே வேறு வழியில் போகிறது.

எனவே முதலில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள், அடுத்து முன்பெயரின் சுருக்கத்தை. 'டபிள்யூ எம்' என்றால் வில்லியம், 'ஜி ஈ ஓ' என்றால் ஜார்ஜ். துருவைக் கம்பி நாரால் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்று. பழைய லேபிள்களில் 'காய்ச்சியவர்', 'பாட்டிலில் அடைத்தவர்' என்று இரண்டு பெயர்கள் இருக்கலாம். அந்தக் காலத்தில் பீப்பாயை வாங்கிப் பாட்டிலில் அடைத்து விற்ற மதுக் கடைக்காரர்கள் ஏராளம். அடைத்தவரின் ஊரை ஆலையின் ஊர் என்று எடுத்துக்கொண்டால் முதல் படியிலேயே தப்பு.

படி 2: பொடி எழுத்தில் உரிமையாளர்

எடின்பரோ பக்கம்: வில்லியம் மெக்யூவன் 1856-இல் ஃபவுண்டன் ஆலையைத் தொடங்கினார். எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு மெக்யூவன் ஹாலைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். 1931-இல் மெக்யூவனும் வில்லியம் யங்கரும் சேர்ந்து 'ஸ்காட்டிஷ் புரூவர்ஸ்' ஆனார்கள். 1960-இல் நியூகாசில் புரூவரீஸ் சேர்ந்து 'ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில்' உருவானது. ஃபவுண்டன் ஆலையை 2004-இல் மூடினார்கள். 2008-இல் கம்பெனியை ஹைனெகனும் கார்ல்ஸ்பெர்க்கும் வாங்கிப் பிரித்துக்கொண்டன. ஆகவே மெக்யூவன் பெயருக்குக் கீழே 'ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில்' என்று இருந்தால் 1960-க்கு முந்தையது அல்ல.

அலோவா பக்கம் கதை வேறு திசையில் போகிறது. ஜார்ஜ் யங்கர் 1960-ஐ ஒட்டி வேறு ஆலைகளோடு சேர்ந்து யுனைட்டெட் கலிடோனியன் என்ற கம்பெனிக்குள் போனது. அது 1966-இல் கிளாஸ்கோவின் டெனன்ட்ஸ் ஆலையோடு இணைந்து டெனன்ட் கலிடோனியன் ஆனது. 1958-இல் ஜார்ஜ் யங்கர் கொண்டுவந்த ஸ்வீட்ஹார்ட் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் இதற்கு நல்ல உதாரணம். நடிகை வெனிஷியா ஸ்டீவன்சனின் படம் மாறாமல் இருக்க, அடியில் கம்பெனிப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும்.

விலை பழைய பிரிட்டிஷ் நாணயமான ஷில்லிங்கில் இருந்தால், அந்தக் கணக்கு ஒழிந்த 1971 பிப்ரவரிக்கு முந்தையது. ஆனால் '80 ஷில்லிங்' என்று பெரிதாக இருந்தால் அது விலை அல்ல, பீரின் வகைப்பெயர். ஒரு பீப்பாயின் பழைய விலையிலிருந்து வந்த அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

படி 3: காகிதம்

இருட்டு அறையில் யூவி வெளிச்சத்தைக் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் பரவலானது. 1930 என்று சொல்லி விற்கும் லேபிள் நீலமாகப் பளிச்சிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1960-களின் அசல் லேபிளும் பளிச்சிடும், அதனால் அதைப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே லூப்தான் துணை: சிதறிய பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் வீட்டு இங்க்ஜெட் பிரின்டர்.

படி 4: பாதுகாப்பு

பாலியெஸ்டர் உறை மட்டும். பிவிசி உறை நாளாக ஆக மையை ஒட்டி இழுக்கும். லேமினேஷன் செய்தால் பொருள் போனது போனதுதான். குறிப்பைப் பின்னாலிருக்கும் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

பின்சேர்க்கை

ஒரு வாசகர் மெக்யூவன் கேன் ஒன்றின் படத்தை அனுப்பி, 'ஸ்காட்டிஷ் புரூவர்ஸ் என்று இருக்கிறது, அப்படியானால் 1950-களா?' என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுதாமல் விட்டது. 1960-க்குப் பிறகும் பெரிய கம்பெனியின் ஸ்காட்லாந்துக் கிளை அதே பெயரில் இயங்கியது. எனவே அந்தப் பெயர் தொடக்க ஆண்டைச் சொல்லும், முடிவைச் சொல்லாது. அவருடைய கேனின் மேல்மூடியில் இழுத்துத் திறக்கும் வளையம் இருந்தது. வளையம் வந்ததே 1960-களில். அவர் தன் குறிப்பு அட்டையில் எழுதியிருந்த 1955-ஐ அழித்துவிடச் சொன்னேன்.