கார் இன்ஜின் ஆயில் குடிக்குதா? இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

வண்டி ஆயில் குடிக்குதுன்னு சொன்ன உடனே, பானெட்டைக்கூட திறக்காம "ரிங்ஸ் போச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்"னு சொல்ற மெக்கானிக் எல்லா ஊர்லயும் இருக்காங்க. சில வண்டிக்கு அது உண்மைதான், பிஸ்டனைச் சுத்தி இருக்கிற இந்த ரிங்ஸ் தேஞ்சா ஆயில் மேல ஏறி எரியும். ஆனா ஒரு சின்ன வால்வோ நாலு ரப்பர் சீலோ மாத்தினாலே சரியாகிற வண்டியையும் சேர்த்து இறக்கிடுறாங்க, பெரிய செலவு பண்ணிட்டு வந்து பார்த்தா பழையபடி ஆயில் குறையுது. அதனால ஆயில் எந்த வழியா போகுதுன்னு தெரியற வரைக்கும் ஸ்பேனரைத் தொட விடாதீங்க.

முதல்ல எவ்வளவு குறையுதுன்னு ஒழுங்கா அளந்து பாருங்க, "ரொம்ப குடிக்குது"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றதை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. சமதளமான இடத்துல வண்டியை நிறுத்தி, சூடான இன்ஜினை ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் விடுங்க, மேல இருக்கிற ஆயில் எல்லாம் கீழ சேம்பருக்கு, அதாவது ஆயில் தேங்குற தொட்டிக்கு, இறங்கணும். டிப்ஸ்டிக்கை வெளிய எடுத்து சுத்தமா துடைச்சு, திரும்ப முழுசா உள்ள விட்டு எடுத்துப் பாருங்க, முதல் தடவை எடுக்கிறப்போ தெரியற கோட்டை நம்பாதீங்க. மேக்ஸிமம் மார்க் வரைக்கும் ஊத்தி கிலோமீட்டரைக் குறிச்சு வெச்சுக்கங்க, 1000 கிலோமீட்டர் ஓடினதும் அதே இடத்துல, அதே மாதிரி பார்த்து, அளவு போட்ட ஜக்குல எவ்வளவு ஊத்தினா மேக்ஸிமத்துக்கு வருதுன்னு பாருங்க. பெரும்பாலான கார்ல மினிமத்துக்கும் மேக்ஸிமத்துக்கும் நடுவுல சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம். நல்லா இருக்கிற இன்ஜினும் கொஞ்சம் ஆயில் எரிக்கத்தான் செய்யும், ஃபோக்ஸ்வேகன் ஸ்கோடா மாதிரி சில கார் மேனுவல்ல 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் ஆகலாம்னே போட்டிருக்கு. என்னைக் கேட்டா 3000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்னா கவலையே வேண்டாம், 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டரைத் தாண்டினா காரணம் தேடியே ஆகணும்.

அளக்குறப்போ ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடுற பெட்ரோல் வண்டில இன்ஜின் முழுசா சூடாகாது, எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா ஆயில்ல கலந்து லெவலைத் தூக்கிக் காட்டும், ஆயில் குறையவே இல்லன்னு நினைச்சுட்டு இருப்போம். அப்புறம் திடீர்னு சென்னைல இருந்து மதுரைக்கு ஒரே மூச்சுல போனா அந்த பெட்ரோல் எல்லாம் ஆவியாகி, ஊர் போய் சேர்றப்போ டிப்ஸ்டிக்ல ஆயில் மினிமத்துக்குக் கீழ நிக்கும். லாங் டிரிப் போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியும் பாருங்க, போய் சேர்ந்த மறுநாள் காலைலயும் பாருங்க.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா இது தெரியாம நல்ல இன்ஜினையே சீஸ் பண்ணவங்க, அதாவது உள்ள இறுகி நிக்க வெச்சவங்க, நிறைய. டேஷ்போர்டுல வர்ற சிவப்பு ஆயில் லைட் ஆயில் லெவலைக் காட்டுற லைட் இல்ல, அது பிரஷர் லைட். அது எரியுதுன்னா பேரிங்குக்கு ஆயில் போகலன்னு அர்த்தம், "பங்க் வரைக்கும் ஓட்டிடலாம்"னு நினைக்காம உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க. ஆயில் குடிக்கிற வண்டி வெச்சிருக்கவங்க டிக்கில ஒரு லிட்டர் அதே கிரேடு ஆயிலும் ஒரு புனலும் எப்பவும் வெச்சிருக்கணும்.

அடுத்தது ஆயில் எரியுதா இல்ல ஒழுகுதான்னு பாருங்க. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டையை விரிச்சு வெச்சு காலைல எங்க சொட்டு விழுந்திருக்குன்னு பாருங்க. சொட்டு இல்லன்னாலும் லீக் இல்லன்னு சொல்லிட முடியாது, இன்ஜினோட மேல் மூடியான டேப்பட் கவரோட பேக்கிங்ல இருந்து வழியற ஆயில் நேரா சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல விழுந்து அங்கயே எரிஞ்சு போயிடும், வண்டியை நிறுத்தினதும் பானெட் பக்கம் ஒரு கருகல் வாடை வரும். கிராங்க் (இன்ஜினுக்குக் கீழ சுத்துற தண்டு) ஆயில் சீல், சேம்பர் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர், ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்படியே ஆயில் அதிகமா ஊத்தியிருக்கான்னும் பார்த்துடுங்க. மேனுவல்ல 3.1 லிட்டர்னு இருக்கும், சர்வீஸ்ல 3.5 லிட்டர் கேனை மிச்சம் வைக்காம கவுத்திடுவாங்க, கிராங்க் அந்த ஆயிலை அடிச்சு நுரையாக்கி பிரீதர் குழாய் வழியா இன்டேக்குக்கு (இன்ஜின் காத்து இழுக்கிற பாதைக்கு) அனுப்பும், அது எரிஞ்சு புகையா வரும். இப்படி இருந்தா எக்ஸ்ட்ரா ஆயிலை எடுத்தாலே போதும்.

லீக் இல்லன்னு உறுதியாச்சுன்னா இப்போ புகையைப் பாருங்க. நிறத்தை விட அது எப்போ வருதுங்கிறதுதான் ரொம்ப முக்கியம். நீலமா, கண்ணைக் கரிக்கிற மாதிரி வந்தா ஆயில், கறுப்பா வந்தா பெட்ரோலோ டீசலோ ஜாஸ்தியா போகுது, வெள்ளையா விடாம வந்து கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படணும். காலைல முதல் ஸ்டார்ட்ல குப்புன்னு ஒரு நீலப்புகை வந்துட்டு அரை நிமிஷத்துல நின்னுடுச்சுன்னா அது பெரும்பாலும் வால்வு சீல், வால்வு தண்டைச் சுத்தி இருக்கிற அந்த ரப்பர் கெட்டியாகி, ராத்திரி முழுக்க ஆயில் வால்வு தண்டு வழியா சொட்டு சொட்டா இறங்கி நின்னிருக்கும். மலை இறங்குறப்போ இன்னும் தெளிவா தெரியும். வால்பாறைல இருந்து ஆழியார் வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு, ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்காம கியர்லயே இறங்குவோம், அப்போ இன்டேக்ல வாக்குவம் ரொம்ப அதிகமாகி வால்வு கைடு வழியா ஆயிலை உறிஞ்சும். கீழ வந்து சமதளத்துல அழுத்தி மிதிச்ச உடனே பின்னாடி ஒரு நீல மேகம் வரும், பின்னாடி வண்டில வர்றவங்களை கவனிச்சு சொல்லச் சொல்லுங்க. அதுக்கு மாறா, ஏத்தத்துலயும் ஓவர்டேக்லயும் மிதிக்க மிதிக்க புகை வந்துட்டே இருந்தா, ரன்னிங்ல டிப்ஸ்டிக் ஓட்டை வழியாவும் புகை வந்தா, ரிங்ஸ் பக்கம்தான் போகுது.

ஆனா ரிங்ஸ்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பிசிவி வால்வைப் பார்த்தே ஆகணும், மொத்த லிஸ்ட்லயே விலை குறைஞ்ச பார்ட் இதுதான், அதிகம் பேர் மறக்கிறதும் இதுதான். இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸை எடுத்து இன்டேக்குக்கு அனுப்புறது இதோட வேலை. திறந்தபடியே ஸ்டக் ஆச்சுன்னா கேஸோட ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும், அடைச்சுக்கிச்சுன்னா உள்ள பிரஷர் ஏறி நல்ல சீல் வழியாவும் ஆயிலைத் தள்ளும். ஐடில்ல ஓடுறப்போ ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து ஒரு மெல்லிசான பேப்பரை வாய் மேல வெச்சுப் பாருங்க, லேசா ஒட்டிக்கிட்டா சரி, பேப்பரைத் தூக்கி எறிஞ்சா ஒண்ணு பிசிவி அடைப்பு, இல்லன்னா ரிங்ஸ்ல ப்ளோபை, அதாவது எரிஞ்ச கேஸ் ரிங்ஸைத் தாண்டி கீழ இறங்குது. வால்வைக் கழட்டி காதுகிட்ட வெச்சு குலுக்கினா டக்டக்னு சத்தம் வரணும், வரலன்னா மாத்திட்டு மறுபடியும் 1000 கிலோமீட்டர் அளந்து பாருங்க. சில ஐரோப்பிய கார்ல தனி வால்வு இருக்காது, டேப்பட் கவருக்குள்ளயே ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும், அது கிழிஞ்சா விசில் மாதிரி சத்தமும் வரும், மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சும்.

அடுத்தது பிளக்கைக் கழட்டுங்க, எந்த பிளக் எந்த சிலிண்டர்னு வரிசையா வெச்சுக்கங்க. மரையில மட்டும் ஆயில் ஈரம் இருந்து நுனி சுத்தமா இருந்தா டேப்பட் கவர்ல இருக்கிற பிளக் டியூப் சீல்தான் ஒழுகுது, ஆயில் எரியல. நுனியில கறுப்பா பிசுபிசுன்னு படிஞ்சிருந்தா அந்த சிலிண்டருக்குள்ள ஆயில் போகுது. நாலுல ஒண்ணு மட்டும் இப்படி இருந்தா தேட வேண்டிய இடம் சுருங்கிடுச்சு. பிளக் வெளிய இருக்கும்போதே கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, எல்லா பிளக்கும் கழட்டி, ஃப்யூல் கட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுட்டு செல்ஃப் அடிக்கணும். பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 150-ல இருந்து 200 பிஎஸ்ஐக்குள்ள காட்டும், சிலிண்டருக்கு சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவா இருக்கிற சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ரீடிங் நல்லா ஏறினா ரிங்ஸோ போரோ (சிலிண்டரோட உள் சுவர்) தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு சரியா உட்காரல. வால்வு சீல் போனது மட்டும் கம்ப்ரெஷன்ல தெரியவே தெரியாது, அதுக்கு மேல சொன்ன புகைதான் சாட்சி.

கம்ப்ரெஷன் அருமையா இருக்கு, லீக் இல்ல, பிசிவி புதுசு, ஆனாலும் ஆயில் குறையுதுன்னு குழம்புறவங்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். பிஸ்டன்ல மேல ரெண்டு ரிங் கம்ப்ரெஷனுக்கு, மூணாவது ரிங்தான் ஆயிலை வழிச்சு கீழ அனுப்புறது. அந்த மூணாவது ரிங்குக்குப் பின்னாடி பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், ஆயில் அது வழியா சேம்பருக்குத் திரும்பும். ஆயிலை லேட்டா மாத்தி மாத்தி ஓட்டுறப்போ கார்பன் கட்டி அந்த ஓட்டை அடைபட்டு ரிங்கும் ஒட்டிக்கும், வழிச்ச ஆயிலுக்குப் போக வழியில்லாம மேல போய் எரியும், கம்ப்ரெஷன் டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னே வரும். டொயோட்டாவுக்கே இது நடந்திருக்கு, 2007-ல இருந்து 2009 வரைக்கும் அமெரிக்கால வித்த கேம்ரில இருந்த 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின்ல ஆயில் அதிகமா குறையுதுன்னு புகார் வந்து, 1200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல குறையற வண்டிக்கு பிஸ்டனும் ரிங்ஸும் மாத்திக் கொடுத்தாங்க, அது கிட்டத்தட்ட 1900 கிலோமீட்டருக்கு 950 மில்லி.

இந்த மாதிரி ஒட்டின ரிங்குக்கு மட்டும் இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு முறை சோக் பண்ணி, அதாவது கிளீனர்ல ஊற வெச்சுப் பார்க்கலாம். லேசா சூடான இன்ஜின்ல பிளக்கைக் கழட்டி, இதுக்குன்னே விக்கிற கார்பன் கிளீனரை பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கு ஒவ்வொரு சிலிண்டர்லயும் விட்டு, பிளக்கை சும்மா கையால மாட்டி ராத்திரி முழுக்க விடுங்க. மறுநாள் பிளக்கைத் திரும்ப கழட்டிட்டு, காயில் கனெக்டரையும் ஃப்யூல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துட்டு, ஓட்டை மேல பழைய துணி போட்டு செல்ஃப் அடிங்க, உள்ள நிக்கிற திரவம் பீச்சி அடிக்கும். இதைப் பண்ணாம பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணினா திரவம் அமுங்காம கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அதனால இந்த ஸ்டெப்பை யாரும் தாண்டாதீங்க. பக்கத்துல சிகரெட், நெருப்பு எதுவும் வேண்டாம், முகத்தை நேரா நீட்டாதீங்க. கிளீனர் கீழ ஆயில்லயும் கலந்திருக்கும், அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க, ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் புகை மண்டும், வெட்டவெளில வெச்சு பண்ணுங்க. அடுத்த ரெண்டு ஆயிலை 5000 கிலோமீட்டர்லயே மாத்துங்க. போர் தேஞ்ச இன்ஜினுக்கு இது ஒண்ணும் செய்யாது.

ஆயில் கிரேடு விஷயத்துல, மேனுவல் அனுமதிச்சா ஒரு படி கெட்டியான ஆயில் போட்டுப் பார்க்கலாம், 5டபிள்யூ-30 போடுற வண்டிக்கு 5டபிள்யூ-40 மாதிரி. அதுக்காக புது டைப் இன்ஜின்ல 20டபிள்யூ-50 ஊத்தாதீங்க, விவிடி (வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற அமைப்பு) மாதிரி சின்ன ஆயில் பாதை இருக்கிற இடத்துல அது சரியா போய் சேராது. புகையை நிறுத்தும்னு தேன் மாதிரி கெட்டியா டப்பால விக்கிறது கொஞ்ச நாள் புகையை மறைக்கும், வண்டியை விக்கிறவங்களுக்குத்தான் உதவும். பழைய கார் வாங்கப் போறவங்க அதனால ஒண்ணு பண்ணுங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்து குளிர்ச்சியா இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி பின்னாடி நின்னு பாருங்க.

சரி பண்ணணுமா இல்ல ஊத்தி ஊத்தியே ஓட்டலாமாங்கிறதுக்கு கணக்கு போட்டுப் பாருங்க. வருஷம் 10,000 கிலோமீட்டர், 2000-க்கு ஒரு லிட்டர், லிட்டர் 600 ரூபாய்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 3000 ரூபாய், பழைய வண்டிக்கு இதுக்காக இன்ஜின் ஒர்க் பண்றது வீண். ஆனா எரியற ஆயில், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், பிளக்கையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும், பின்னாடி வர்ற பைக்காரர் மூஞ்சில அடிக்கிறதும் அந்தப் புகைதான், அதனால கண்ணுக்குத் தெரியற அளவுக்கு புகை வந்தா தள்ளிப் போடாதீங்க. வால்வு சீல்னா பல இன்ஜின்ல ஹெட்டை இறக்காமலே மாத்தலாம், பிளக் ஓட்டை வழியா கம்ப்ரெஸர் காத்தையோ நைலான் கயிறையோ உள்ள கொடுத்து வால்வு கீழ விழாம தாங்கிப் பிடிச்சுட்டு மேல இருந்தே சீலை மாத்துவாங்க, இது தெரிஞ்ச மெக்கானிக்கா தேடுங்க. ரிங்ஸ்தான்னா, போரை கேஜ் வெச்சு அளந்து ரீடிங் காட்டச் சொல்லுங்க, லிமிட்டுக்குள்ள இருந்தா ஹோனிங் (சுவரை லேசா தேய்ச்சு விடுறது) பண்ணி ஸ்டாண்டர்டு ரிங்ஸ், தாண்டியிருந்தா ரீபோர் (போரைப் பெருசா கடையறது) பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், ஓவர்சைஸ் கிடைக்காத வண்டிக்கு ஸ்லீவ் (உள்ள சொருகுற புது சுவர்க் குழாய்). போரைத் தொடாம புது ரிங்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தா அது உட்காராது, திரும்ப குடிக்கும். வேலை முடிஞ்ச வண்டியை மணிக்கணக்கா ஐடில்ல விடாதீங்க, முதல் 1000 கிலோமீட்டர் ரொம்ப விரட்டாம ஆனா வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டுங்க, அப்பதான் ரிங்ஸ் செட் ஆகும்.

டர்போ டீசல் வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கு, டர்போ சீல். டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டினா உள்ள லேசா ஆயில் பூசின மாதிரி இருக்கிறது சகஜம், தேங்கி நின்னா சரியில்ல. ஆனா உடனே டர்போவை மாத்தாதீங்க, டர்போல இருந்து ஆயில் திரும்பி வர்ற பைப் அடைச்சிருந்தாலும், பிரீதர் அடைச்சு இன்ஜினுக்குள்ள பிரஷர் ஏறினாலும் நல்ல டர்போவும் ஆயிலைத் துப்பும். ரொம்ப மோசமானா இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு தானா ரேஸ் ஆகும், சாவியை ஆஃப் பண்ணினாலும் நிக்காது. மேனுவல் கியர்னா பிரேக்கையும் ஹேண்ட்பிரேக்கையும் இறுக்கிப் பிடிச்சு, டாப் கியர் போட்டு கிளட்சை விட்டுடுங்க, இன்ஜின் அமுங்கி நின்னுடும். அது முடியலன்னா எல்லாரும் இறங்கி தள்ளிப் போயிடுங்க, பானெட்டுக்குள்ள கையை விட வேண்டாம். நின்ன பிறகு திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காம டோ பண்ணியே கொண்டு போங்க, டர்போ மாத்தினா ஆயில் பைப்பும் புதுசா போட்டு, இன்டர்கூலரை கழட்டி உள்ள தேங்கின ஆயில் முழுசையும் வடிச்சு கழுவின பிறகுதான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும், இல்லன்னா அந்த மிச்ச ஆயிலே புது டர்போவோட முதல் நாள்லயே மறுபடி ரேஸ் ஆக்கிடும்.