அம்மாவின் ஐஎன்ஆர் ஏன் இறங்கியது: என் அனுபவம்

கோபியில் இருக்கும் என் அம்மாவுக்குச் செயற்கை இதய வால்வு, அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தினமும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு ஐஎன்ஆர்; 2.5-க்கு மேல் இருக்க வேண்டிய அது திடீரென்று இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் டோஸை ஏற்றினார், அப்போதும் ஏறவில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை நிறுத்தினோம், லேபை மாற்றினோம், மாத்திரை கம்பெனி மாறிவிட்டதா என்றும் பார்த்தோம். ஒன்றுமில்லை.

அப்புறம் ஈரோட்டில் மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "ஏனுங்க, அம்மா வேற ஏதாச்சும் சாப்பிடறாங்ளா?" அப்பா போனதிலிருந்து மனசு சோர்ந்தே இருந்த அம்மாவுக்கு அக்கா ஆன்லைனில் மூலிகை கேப்சூல் வாங்கித் தந்திருந்தாள். அம்மா அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. லேபிளில் பொடி எழுத்தில் ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம், அதாவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட்.

லேசான, மிதமான மனச்சோர்வுக்கு அது நிஜமாகவே உதவும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை அலசி 2008-ல் வெளியிட்ட அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கல்லீரல் என்சைம்களைத் தூண்டி வார்ஃபரினை உடலில் சீக்கிரம் சிதைத்துவிடும். கருத்தடை மாத்திரைக்கும் இதே கதி. செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

பலரும் தவறவிடும் இடம் இதுதான்: கேப்சூலை நிறுத்தினாலும் அந்தத் தூண்டல் அடங்க இரண்டு வாரம் போல ஆகும், அதற்குள் ஏற்றி வைத்த வார்ஃபரின் டோஸ் அதிகமாகி ரத்தக்கசிவு வரலாம். அதனால் டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்தினோம். அடிக்கடி ரத்தம் பார்த்து டோஸைப் படிப்படியாகக் குறைத்தார், ஐஎன்ஆர் நிலைக்கு வந்தது, பெரிய நிம்மதி. சோர்வுக்கு இப்போது கோவையில் மனநல மருத்துவரிடம் கவுன்சலிங் போகிறோம்.