சான்றிதழ் இருந்தும் எரிந்த லாட்ஜ் சோபா: என் அனுபவம்

கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றின் வரவேற்பறை சோபா. துணிக்குத் தனிச் சான்றிதழ், ஃபோமுக்குத் தனிச் சான்றிதழ். ஆனாலும் தீச்சோதனையில் அதன் மாதிரி எரிந்தது. வணிக இடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15768 ஆகட்டும், பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5852 ஆகட்டும், துணியையும் ஃபோமையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

பிஎஸ் தீக்குச்சிச் சோதனையில் 7.5 செ.மீ. கன ஃபோமில் இருக்கையும் சாய்வும் வைத்து, இரண்டும் சேரும் இடுக்கில் 20 விநாடி சுடர் காட்டுவார்கள். எடுத்த 2 நிமிடத்துக்குள் தானாக அணைய வேண்டும். எங்கள் பாலியஸ்டர் துணி உருகிச் சுருங்கி ஃபோமை வெளியே காட்டிவிட்டது. அதைவிட மோசம் தையல்: நூல் உருகி வாய் பிளந்ததும் தீ நேராக உள்ளே போனது.

சரிசெய்த விதம்: மெலமைன் கலந்த தீத்தடுப்பு ஃபோம், அதன்மேல் கண்ணாடியிழைத் தடுப்புத்துணி. இருக்கையின் அடி, சாய்வின் பின்பக்கம் எதையும் விடாமல் சுற்றினோம். பலரும் துணியை மிச்சம்பிடித்து விட்டுவிடுகிற இடமே அதுதான். தடுப்புத்துணியைத் தைக்க, தீயில் உருகாத அராமிட் நூல். மேலே தீத்தடுப்புத் துணி.

போராக்ஸ் கரைசலில் துணியை முக்கி எடுக்கும் மலிவு வழி இங்கே வேண்டாம். ஒருமுறை துவைத்தாலே போய்விடும். கடற்காற்றின் ஈரத்தில் போராக்ஸ் துணிமேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் அடித்துணி தொங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் பின்னையே அடியுங்கள். புது மாதிரியைத் துணி, தடுப்புத்துணி, ஃபோம் எல்லாம் சேர்த்தே சோதனைக்கு அனுப்புங்கள்.